பாலைவனத்தில் புளிச்சக்கீரை போட்ட கதை

குளிர் தேசத்தில் கிரீன்ஹவுஸ் போடுவது செடிக்கு வெயில் ஊட்ட. அமீரகத்தில் போடுவது வெயில் கண்ணில் படாமல் செடியை ஒளித்துவைக்க. ஷார்ஜாவைத் தாண்டி உள்ளே, மணலுக்கு நடுவில், அப்படி ஒரு கூடாரத்தில் வெள்ளரிக்காய் வளர்ப்பது என் டியூட்டி. சைட்டிலும் கடையிலும் நின்று வேகிற சகோதரர்களே, நீங்கள் உங்களுக்காக மட்டும் பயந்தால் போதும். நான் செடிகளுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும்.

மோட்டார் நின்ற மதியம்

எங்கள் கூடாரத்தின் ஒரு பக்கம் முழுக்க அட்டைச் சுவர். அதில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பக்கத்துப் பெரிய ஃபேன்கள் காற்றை அந்த ஈரத்தின் வழியாக இழுக்கும். அதுதான் எங்கள் ஏசி. சீசன் முடிகிற மே மாதத்தில் ஒரு மதியம் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. நானும் என்னோடு வேலை பார்க்கும் வங்காளதேசத்து ரஃபீக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். மோட்டார் திரும்ப ஓடுவதற்குள் வெள்ளரிக் கொடியெல்லாம் வெந்து, கட்டிய கயிற்றிலேயே தொங்கிவிட்டது.

அர்பாப், அதாவது எங்கள் அரபி முதலாளி, வந்து பார்த்தார். வெந்த கொடியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் என் விசா புதுப்பிக்க வேண்டும். பெரிய பெண்ணை நர்சிங் சேர்த்திருந்த நேரம். எங்கள் பண்ணையில் பேசுவது அரபியும் இந்தியும் கலந்த ஒரு பாஷை, தமிழில் தருகிறேன், 'கலாஸ்' என்றால் தீர்ந்தது: "வெள்ளரி கலாஸ். வெயில் காலத்துக்கு வேறு ஏதாவது போட்டுக் காட்டு. இல்லையென்றால் நீயும் கலாஸ்."

காக்கா கொடுத்த விதை

பர் துபாயில் எங்கள் காய்களை வாங்கும் கடைக்காரர் கீழக்கரை. அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து நானும் காக்கா, அதாவது அண்ணன், என்பேன். வெள்ளரி போச்சு, வேலையும் போகப் போகுது என்று அவரிடம் போய்ப் புலம்பினேன். "அட, புளிச்சக்கீரை போடுங்க தம்பி, வெயில்ல கொழுகொழுன்னு வரும். தெலுங்குக்காரங்க வந்து வந்து கேக்குறாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு பை விதையை எடுத்துக் கொடுத்தார்.

புளிச்சக்கீரையில் சிவப்புத்தண்டு உண்டு, பச்சைத்தண்டு உண்டு. இது எது என்று கேட்டேன். கேட்டதோடு நிறுத்தாமல் பதில் வாங்கியிருக்க வேண்டும். காக்கா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "எந்தத் தண்டா இருந்தா என்னா தம்பி, புளிச்சாச் சரி."

இலை விரல் விரித்தது

வந்தது பச்சைத்தண்டு. முதல் இலைகள் வெற்றிலை மாதிரி முழுசாக, சாதுவாக இருந்தன. பெருமையாகப் போட்டோ எடுத்து அர்பாபுக்கு அனுப்பினேன். ஆனால் பச்சைத்தண்டுக்கு ஒரு குணம்: வளர வளர, மேலே வருகிற இலைகள் ஐந்து விரலாகப் பிளக்கும், ஓரமெல்லாம் ரம்பப் பல். ஊரில் சந்தையில் கட்டாக வாங்கிக் கடைந்து சாப்பிட்டதோடு சரி. செடியாக நின்றதை யார் உற்றுப் பார்த்தது?

ரஃபீக் பார்த்தான். போனில் ஒரு படத்தை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். கஞ்சா இலை. அச்சு அசல். இந்த ஊரில் அந்தப் பெயரோடு மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். போனில் அதைத் தேடிப் பார்த்ததே கேஸாகிவிடுமோ என்று அடுத்த பயம் பிடித்தது. ரஃபீக் அதற்குள் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டான்: "பாய், நான் தண்ணீர் மட்டும்தான் விட்டேன். விதை போட்டது நீ."

பிடுங்கவும் பயம்

பிடுங்கி எறியலாம், எங்கே எறிவது? குப்பை வண்டிக்காரன் பார்ப்பான். எரித்தால் புகை கிளம்பும். பிக்கப்பில் ஏற்றினால் ரோட்டில் போலீஸ். பூத்துவிட்டாலாவது வெண்டைப்பூ மாதிரி மஞ்சளாகப் பூத்து என்னைக் காப்பாற்றும். ஆனால் இந்தக் கீரை பொழுது குறுகுகிற காலத்தில்தான் பூக்கும். கோடை முழுக்க அது கஞ்சா வேஷத்திலேயே நிற்கப்போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

பெரம்பலூரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அபின் செடியின் விதை என்று இங்கே தடைசெய்திருக்கிற கசகசாவைத் தெரியாமல் கொண்டுவந்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதையைக்கூடச் சொன்னேன். பொறுமையாக 'ம்' கொட்டினாள். கடைசியில் எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னாள்: "சும்மா பயப்படாதீங்க. லீவுக்கு வர்றப்ப அதுல கொஞ்சம் காயவெச்சு, பொட்டலம் கட்டி எடுத்துட்டு வாங்க. இப்பல்லாம் இங்க சந்தையில அந்தக் கீரை கெடைக்கவே மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை விருந்தாளி

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அர்பாப் வந்தார். கூடவே அவர் மைத்துனர். யூனிஃபார்ம் போடவில்லை, ஆனால் போலீஸ் என்று எனக்குத் தெரியும். இருவரும் ஃபேனைப் பார்த்தார்கள், ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். கீரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பயம் விடவில்லை. யாரும் கேட்காமலே, "சார், அது கஞ்சா இல்லை!" என்றேன்.

மைத்துனர் திரும்பினார். குனிந்து ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். எனக்கு என் பெண்ணின் முகம் கண் முன்னால் வந்தது. அதற்குமேல் தாங்க முடியாமல் கைநிறையப் பறித்து வாயில் திணித்து மென்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புளிப்பிலா அழுகையிலா என்று இன்றுவரை தெரியாது. அவர் என்னையே பார்த்துவிட்டு, தானும் ஓர் இலையை நுனிப்பல்லில் கடித்தார். முகம் சுருங்கியது. சிரித்துவிட்டார். மீனோடு சமைக்கலாமா என்று கேட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்.

அர்பாப் மட்டும் சிரிக்கவில்லை. நான் வாயைத் துடைத்து முடிக்கிறவரை காத்திருந்து சொன்னார்: "பார்க்கிறவன் ஒவ்வொருத்தனுக்கும் நீ இப்படித் தின்று காட்ட முடியாது. எல்லாவற்றையும் இன்றைக்கே அறுத்துவிடு. நாளைக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவா, விசா அடிக்கணும்."

ஆக விசாவும் வந்தது, வேலையும் நிலைத்தது. அதே பாத்தியில் இப்போது வெண்டை போட்டிருக்கிறோம், அதன் இலையும் லேசாக விரல் விரிக்கிறது என்பதால், தினமும் காலையில் ஒன்றைக் கிள்ளி மென்று பழகிக்கொண்டிருக்கிறேன்.