முயல் சாப்பிடாத நாட்கள்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் முகம் கழுவுவார்கள், தேநீர் போடுவார்கள். நான் நேராகப் போய் முயலின் தட்டில் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பேன். உருண்டை உருண்டையாகக் காய்ந்து நிறையக் கிடந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். சிறுத்துப் போயிருந்தாலோ, முடியில் கோத்த மணி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலோ கவலை. ஒன்றுமே இல்லையென்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தியின் நிம்மதி புழுக்கையில் வந்து நிற்கும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டி அனுப்பியிருப்பேன்.

முயல் நான் தேடிப் போய் வாங்கியதல்ல. கூட வேலை பார்த்த பெண் ரவாங்குக்கு வீடு மாறிப் போகும்போது, கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள் என்று கூண்டோடு கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கு இயல்பிலேயே ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. படம் பார்க்கும்போதுகூட நடுவில் எழுந்து அடுப்பைத் துடைப்பேன், மடித்த துணியையே மறுபடி மடிப்பேன். ஆனால் அந்தச் சாம்பல் நிற உருவம் வந்து என் காலில் சாய்ந்து படுத்துவிட்டால் மட்டும் அசைய மாட்டேன். அசைந்தால் எழுந்து போய்விடும். அதற்காகவே எனக்கு அதன்மேல் உயிர்.

அதற்கு ஓராண்டு கழித்து அப்பா வந்து சேர்ந்தார். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்திலேயே பண்டமாரானில் அம்மாவோடு இருந்தார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, கடைசியில் எதுவும் இறங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தபின், அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் அவருடைய கட்டிலைப் போட்டோம். முயலைப் பார்த்ததும், இது எலி ஜாதியா பூனை ஜாதியா என்று கேட்டார். சில வாரங்களிலேயே அதனோடு செய்தித்தாள் படித்துப் பேசிக்கொண்டிருந்தார். பகல் முழுக்க நான் கிள்ளானில், சரக்கு அனுப்பும் அலுவலகத்தில். வீட்டில் அவர்கள் இருவரும்தான்.

முதல் தடவை முயலுக்கு முடியாமல் போனது அவர் வந்த பிறகுதான். மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வாழைப்பழத் தோலின் வாசம் பட்டாலே பாய்ந்து வரும் ஜீவன், அன்றைக்கு மல்லித்தழையை முகத்துக்கு நேரே நீட்டியும் திரும்பிக்கொண்டது. வாடகைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு ஓடினேன். முயல் பார்க்கும் மருத்துவர் அங்கேதான் இருந்தார், ஒரு சீனப் பெண். குடல் நின்றுவிட்டது, உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது என்றார். முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நின்றால் வலியில் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் நிற்கும், விட்டால் உயிரே போய்விடும் என்று விளக்கினார். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்கு உடனே புரிந்தது.

ஊசி போட்டார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார். புல் மாவைக் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டக் காட்டிக் கொடுத்தார். வயிற்றில் காதை வைத்துக் கேளுங்கள், சத்தம் கேட்டால் நல்லது என்றார். வீட்டுக்கு வந்து தரையில் குப்புறப் படுத்து முயலின் வயிற்றில் காதை வைத்தேன். கடமுடவென்று ஏதோ உருண்டது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

பிழைத்தது. ஆனால் மறுபடி வந்தது. பிறகும் வந்தது. சில வாரம் துள்ளிக் குதிக்கும், திடீரென்று ஒரு நாள் சாயங்காலம் மூலையில் குறுகும். ஒவ்வொரு தடவையும் வீட்டில் என்ன மாறியது என்று மருத்துவர் கேட்டார். அவர் கேட்டதுதான் தாமதம், எனக்குத் தூக்கம் போனது. புல்லை மாற்றினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி வைத்தேன். தாழ்வாரத்தில் கொசு மருந்து அடிப்பவர்களோடு சண்டை போட்டேன். மேல்வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த ஆளிடம் போய், என் முயலுக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்பாவிடம் பிஸ்கட் கொடுத்தீர்களா, ரொட்டி கொடுத்தீர்களா என்று துருவித் துருவிக் கேட்டேன். பிஸ்கட்டும் இல்லை, ரொட்டியும் இல்லை, நீ வைத்துவிட்டுப் போகிற புல்தான் என்றார். அவர் பொய் சொல்கிறவரில்லை. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தால் முள்மேல் இருப்பது போல இருக்கும். கழிவறைக்குப் போகும் சாக்கில் வீட்டுக்குப் போன் அடிப்பேன். "சாப்பிட்டுச்சாப்பா?" என்பேன். என் முதலாளி, எனக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதென்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அலுவலகத்தில் மின்சாரம் போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, உச்சி வெயிலில் நடந்து வீடு சேர்ந்தேன். கதவைத் திறந்தால் பருப்பு வேகும் மணமும் ஊதுவத்தி மணமும் அடித்தன. அப்பா குளித்து நெற்றியில் திருநீறு பூசி, சமையலறைத் தரையைப் பார்த்துக் கைகூப்பி நின்றிருந்தார். தரையில் ஒரு துண்டு வாழையிலை. அதில் நெய்யும் பருப்பும் போட்டுப் பிசைந்த சோறு, வடையில் ஒரு விள்ளல், மேலே மசித்த வாழைப்பழம். முயல் இலைக்குள் முகத்தை விட்டு மொக்கிக்கொண்டிருந்தது.

கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு இலையைப் பிடுங்கினேன். என் வாயிலிருந்து என்னென்ன வந்ததென்று எழுதக் கூசுகிறது. அன்றைக்கு அமாவாசை என்பதே எனக்குத் தெரியாது. நான் நாள் கிழமை பார்க்கிற ஆளில்லை. அம்மா போனதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் படையல் போட்டு, முதல் பிடியைக் காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார். இங்கே வந்த புதிதில் சன்னல் விளிம்பில்தான் வைத்தார். சோறு கீழ்வீட்டு மலாய் அம்மா காயப்போட்ட துணியில் விழுந்து, குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, பறவைகளுக்குத் தீனி வைக்கக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனது எனக்கும் தெரியும். அதன்பிறகு அவர் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை, காக்காயை மட்டும் மாற்றிவிட்டார். அவர் கணக்கில் பிஸ்கட் கொடுப்பதுதான் தீனி. படையலை அவர் தீனியோடு சேர்த்து யோசிக்கவேயில்லை.

பருப்பும் சோறும் வாழைப்பழமும் இதன் குடலுக்கு விஷம் மாதிரி, நீங்கள்தான் மாதாமாதம் இதைச் சாகடிக்கிறீர்கள் என்று கத்தினேன். அப்பா கூப்பிய கையை இறக்கினார். என் கையிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பதினாறாம் நாளு கடக்கரையில பிண்டம் வெச்சமே, காக்கா எடுக்கவே இல்ல. மைனாதான் வந்து கொத்துச்சு. இது மட்டுந்தாம்மா, வெச்ச ஒடனே ஆசையா சாப்பிட்டுச்சு."

அந்தப் பதினாறாம் நாள் எனக்கும் நினைவிருந்தது. கிள்ளானில் காக்காய்க்கா பஞ்சம்? விரட்டினாலும் போகாதவை. அன்றைக்குப் பார்த்து மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஐயருக்கு அடுத்த வேலை இருந்தது. மைனா எடுத்தாலும் சரிதான் என்று முடித்துக் கொடுத்துவிட்டார். வெயிலில் நிற்க முடியவில்லை, நானும் கிளம்பலாம் என்றேன். அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் கிடைத்துவிட்டதே. சாயங்காலம் முயலுக்கு வழக்கம்போல வந்தது, மருந்து கொடுத்தோம், தேறியது. அப்பா அதன்பின் அமாவாசைக்குக் கோயிலுக்குப் போய் அங்கே மாட்டுக்குக் கீரை கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த அமாவாசை ஒன்றும் ஆகாமல் போனது. அதற்கடுத்ததும் போனது. அலுவலகத்திலிருந்து போன் அடிப்பதை விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் படமும் உட்கார்ந்து பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அமாவாசையும் இல்லாத, ஒன்றும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் முயல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. தட்டு சுத்தமாக இருந்தது. நான் நிமிர்ந்து அப்பாவைத்தான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நான் எதுவும் வெக்கலம்மா," என்றார்.

எழுபது வயது மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை விரித்துக் காட்டியது எனக்குத் தாங்கவில்லை. முயலைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு ஓடினேன். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, சில முயல்களுக்கு ஒரு தடவை குடல் பழுதுபட்டால் அது திரும்பத் திரும்ப வரும், வெயிலால் வரும், முடி உதிர்வதால் வரும், காரணமே இல்லாமலும் வரும் என்றார். சோறு கெடுதல்தான், ஆனால் எல்லாத் தடவையும் அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். காரில் திரும்பும்போது முயல் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. குற்றவாளி என்று ஒருவர் இருந்தவரை எவ்வளவு வசதியாக இருந்தது.

வீட்டில் அப்பா நான் விட்டுப்போன இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்துவிட்டுப் போன தோசை மூடியபடியே இருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். மாத்திரை போட்டிருந்தார். முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துச் சிரிஞ்சால் ஊட்டினேன். ஊட்டியதில் பாதி என் சட்டையில் வழிந்தது. வயிற்றில் காதை வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. எழுந்துபோய் அப்பாவுக்குச் சோறு போட்டு வந்து நீட்டினேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றார். திரும்ப முயலிடம் போனேன், திரும்ப அவரிடம் வந்தேன். இரண்டு பேருக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பிற்பகலில் சர்க்கரை இறங்கி அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டேன். என் கோபம் தலைக்கேறியது. நீங்கள் விழுந்துவிட்டால் நான் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது, மரியாதையாகச் சாப்பிடுங்கள் என்று தட்டை அவர் மடியிலேயே வைத்தேன்.

அவர் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் எறங்கல. நீதான் தெனமும் சோறு கொண்டாந்து, சாப்பிடுங்கப்பான்னு நிப்ப. நான் கட்டிலுக்குப் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா."

சொல்லிவிட்டு முயலைப் பார்த்தார். அதுவும் கண்ணைப் பாதி திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அம்மா எதிரில் எத்தனை நாள் அந்த டப்பாவைத் திறந்திருப்பேன், ரசத்தின் மணம் அந்த அறை முழுக்க எப்படிப் பரவியிருக்கும் என்று அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அழும்போதும் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன், எங்கேயாவது போகவேண்டியவள் மாதிரி. பால் கலக்காத கோப்பியில் கொஞ்சம் சீனி போட்டுக் கொண்டுவந்து, இதையாவது குடியுங்கள் என்றேன். குடித்தார். நான் தரையில், முயலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை விட்டு மெல்ல இறங்கி அந்தப் பக்கம் உட்கார்ந்தார். முதல் தடவையாகச் சிரிஞ்சைத் தன் கையில் வாங்கினார். பெரிய கிரேன் ஓட்டிய கை, ஒரு சொட்டுகூட வழியவில்லை. கீழே ரயில்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. எனக்குக் கால் மரத்துப்போனது. எழுந்திருக்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் முயல் துண்டிலிருந்து தலையை நீட்டியது. பக்கத்தில் கிடந்த ஒரு புல்லை முகர்ந்தது, விட்டது, மறுபடி முகர்ந்து நுனியைக் கடித்தது. அந்தப் புல் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாய்க்குள் போய் மறையும்வரை நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. இன்னொன்றையும் எடுத்தது.

அப்பா மேசையைப் பார்த்தார். நான் எழுந்து ஆறிப்போன சோற்றைச் சூடாக்கி, அவர் தட்டில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயும் போட்டுக்கிட்டு வா," என்றார்.