பாம்புக்காதுக்காரரின் வால்வுகள்

பழைய ரேடியோ வால்வு வியாபாரத்தில் அவருக்குப் பாம்புக்காது என்றுதான் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே முழிப்பார். கழித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கி வந்து, சோதித்து, தேறியதை மட்டும் விற்பார். மீட்டரில் முள் பச்சைக்கு வந்தாலே மற்றவர்கள் டப்பாவில் போட்டுத் தள்ளிவிடுவார்கள். இவர் லேசில் விடமாட்டார். வால்வை ஆம்ப்ளிஃபயரில் செருகி, சூடேறியதும் பென்சிலின் ரப்பர் முனையால் தட்டுவார். உள்ளே கம்பி தளர்ந்திருந்தால் ஸ்பீக்கரில் ஊசிபோல் ஒரு கீச்சொலி இழுக்கும். முள்ளுக்கு வால்வில் உயிர் இருக்கிறதா என்றுதான் தெரியும், குணம் தெரியாது என்பார்.

அந்தக் காதை நம்பி வாங்கிய பல் டாக்டர், மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"அண்ணே, இதுவும் கத்துது. உக்காந்து ஒரு பாட்டு கேக்க முடியல."

"நேத்துதான் தட்டிப் பாத்தேன் டாக்டர், சுத்தம். நாள் பூரா மெஷின வச்சுப் பல்லக் கொடையுறீங்க, அந்தச் சத்தம் காதுலயே தங்கிடுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "என் முன்னாடி தட்டுங்க."

வீட்டின் முன்னறைதான் கடை. வால்வுக்குள் கம்பி சிவந்து கனன்றதும் தட்டினார். டொக் என்றது, அவ்வளவுதான். பார்த்தீர்களா என்று நிமிர்ந்தால், டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நல்ல நடிப்பு என்று நினைத்து இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஈரக் கையோடு மனைவி உள்ளிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, அத நிறுத்துங்களேன். பல்லெல்லாம் கூசுது."

ஓங்கிய பென்சில் பாதியில் நின்றது. டாக்டரின் கோபமும் அந்த நொடியே வடிந்துவிட்டது. "பரவால்லண்ணே, இருக்கட்டும்" என்று வால்வை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"காலிங் பெல் அடிச்சா நான்தானே போய்த் தெறக்குறேன்" என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமல்.

அலமாரி நிறைய அவர் தேற்றி வைத்த வால்வுகள். ஒரு தட்டை இறக்கி வைத்தார். "உக்காரு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குறேன்." அந்த நேரத்திலும் வறட்டு கௌரவம் விடவில்லை.

முதல் வால்வு பிழைத்தது. அடுத்ததைத் தட்டியதும் அவள் முகம் சுருங்கியது, குப்பைக்கூடைக்குப் போனது. அதற்கடுத்ததும் போனது. இன்னொன்றும் போனது. எத்தனை பேருக்கு இப்படி விற்றிருப்போம் என்று நினைக்கவே கூசியது. கூடையில் விழுந்தவற்றை அவர் எண்ணிக்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வந்தவை எல்லாம் தேறின. வரிசையாக, ஒன்றுவிடாமல். அவருக்கு மூச்சு வந்தது, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். அப்போதுதான் கீழே, அவளுடைய கால் விரல்கள் தரையை இறுக்கிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

குப்பைக்கூடையில் கடைசியாகப் போட்டதை எடுத்துத் துடைத்து, புதிதுபோல் செருகினார். சூடேறட்டும் என்று காத்திருந்து, ஓங்கியே தட்டினார். அவள் முகம் அசையவில்லை.

"இதுவும் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

அவர் சுவிட்சை அணைத்தார். பென்சிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மிச்சத்தையும் பாத்துடலாமே."

"வேணாம்மா" என்றார்.