எலாடியோவுக்குக் காய்ச்சிய கஞ்சி

மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஊர்ச் சந்தையில் ஒதிலியா முப்பது வருடம் அவித்த மக்காச்சோளம் விற்றவள். தோகையை உரிக்காமலே கதிரின் பதம் சொல்லிவிடுவாள். தோகை பச்சையாக இருக்க வேண்டும், குஞ்சம் நுனியில் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால்தான் ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்ப்பாள். பால் தெறித்தால் இளசு.

கணவன் எலாடியோவைப் பக்கவாதம் சாய்த்தபிறகு அவனால் எதையும் மெல்ல முடியவில்லை. "வயித்துக்கு இதமா, தெம்பா ஏதாவது குடுங்க" என்றார்கள் மருத்துவமனையில். அன்றிலிருந்து கூடையின் இளங்கதிர்கள் அவனுக்குத்தான். மணிகளைச் சீவி, அரைத்து, வடிகட்டி, பாலும் பட்டையும் சேர்த்து அடிபிடிக்காமல் கிண்டுவாள். அந்தக் கஞ்சியில்தான் அவன் இரண்டு வருடம் உயிரோடிருந்தான்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஒரே ஒரு வாய். காலையில ஒடிச்ச கதிருய்யா."

"எனக்குப் போதும்," என்றான் குழறலாக. "நீ சாப்பிட்டியா?"

அவள் கரண்டியை மறுபடியும் அவன் வாயருகே நீட்டினாள். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

"என் முன்னாடி உக்காந்து சாப்பிடு, கெழவி. நான் பாக்கணும்."

அழுதால் திட்டுவான் என்று அடக்கிக்கொண்டு, கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டாள். பாதிக் கிண்ணத்தில் நிமிர்ந்தபோது அவன் கண்கள் அவளையே பார்த்தபடி இருந்தன, மூச்சு நின்றிருந்தது.

மகள் பெலென் உள்ளே வந்தபோது, ஒதிலியா ஒரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மீதிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னம்மா பண்ற?"

"அப்பா சாப்பிடச் சொன்னாருடி," என்றாள்.