விழுந்தவன் எழுந்தானா?

வாசகரே, நீங்களே சாட்சி. தீபாவளி சீசனில் வெடிவிபத்தில் காயமுற்ற மாமனுக்குத் துணையாகச் சிவகாசி மருத்துவமனையில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் புருவம் கருகி, இரு கைகளும் வெந்த ஒருவர் கிடந்தார். பட்டாசுக்குழாய் சுருட்ட வந்த பழைய தாள்களிலிருந்து அவர் காப்பாற்றிய குத்துச்சண்டைப் புத்தகத்தை, கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் வாசிக்கச் சொல்வார். இரு வீரர்கள் மும்முறை மோதிய பொற்காலத்தை அப்படித்தான் அறிந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் தலையைச் சாய்த்து விலகுவார், அலற மாட்டார்.

"மைக்கு முன்னால நிக்கிற மாதிரி இளுக்காதீக தம்பி. குத்துனானா, இல்லையா?"

மூன்றாம் மோதலில் ஒருவன் விழுந்த இடத்தோடு புத்தகம் கிழிந்திருந்தது.

"எந்திரிச்சானா?" என்று கெஞ்சினார். பட்டிமன்ற மேடைகளை வென்ற நான், கிழிந்த ஓரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அன்றே மூச்சுத் திணறிய அவரை மதுரைக்கு ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ் கதவு மூடப்படுகையில் உரக்கச் சொன்னேன்:

"எந்திரிச்சானான்னு தெரிஞ்சுக்கிட்டு மதுரைக்கே வந்து வாசிக்கேண்ணே! அதுவரைக்கும் இருங்க!"