உயிரோடு மௌத்தானவர்

சிறையிலிருந்து வருகிற ஆண்பிள்ளைக்கு எங்கள் கரையில் வீடு கிடையாது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. வீடு எப்போதும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆண் கலியாணம் முடித்து அங்கே போய் இருப்பான். 1995இல் ஸைனுலாப்தீன் மட்டக்களப்புச் சிறையிலிருந்து சாய்ந்தமருதில் வந்து இறங்கியபோது, அவருடைய உம்மாவின் வீடு தங்கச்சியின் வீடாகியிருந்தது. தன் வீடென்று அவர் நினைத்திருந்ததோ பெண்சாதி கமீலாவின் வீடு. அதன் வாசலை மறித்துக்கொண்டு கமீலாவின் அண்ணன், மிஹ்லார் காக்கா நின்றார்.

“இது எங்கட உம்மா தங்கச்சிக்குக் குடுத்த வீடு. குமர்ப்புள்ள இரிக்கிற வீட்டுக்குள்ள கள்ளனுக்கு இடமில்ல,” என்றார்.

கள்ளன் என்பது உண்மைதான். வயல்களில் தண்ணீர் இறைக்கும் மிஷின்களைக் கழற்றி விற்றவர். அதை நான் பூசி மெழுக வரவில்லை. ஆனால் அதற்குரிய சிறை மறியலை இருந்து முடித்துவிட்டுத்தானே வந்தார்? நீதவான் கொடுத்த தண்டனைக்கு முடிவு இருந்தது. ஊர் கொடுத்ததற்கு இல்லை.

அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர் நெல் ஆலைக்கார அப்துல் கபூர் ஹாஜியார். ஆலைக்குப் பின்னால் ஒரு அறையும், மிஷின் ஓட்டுகிற வேலையும் கொடுத்தார். முதல் நாளே ஆலைச் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். ஆலைக்கு எதிரே சைக்கிள் திருத்துகிற கடை என்னுடையது. அங்கே வந்து குந்துகிறவர்கள் ஹாஜியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்தார்கள். அவர் காதில் அது விழுந்தது.

“மனிசனுக்குப் படுக்க ஒரு இடமும், விடிஞ்சா எழும்பிப் போக ஒரு வேலையும் வேணும். இல்லாட்டி அவன் திரும்பவும் களவுக்குத்தான் போவான். நீங்க குடுக்கிறீங்களா? குடுக்கமாட்டீங்க எண்டா வாயப் பொத்திக்கிட்டு இரிங்க,” என்றார் ஹாஜியார்.

ஊரில் யாருக்கு ஒரு கோழி காணாமல் போனாலும் பொலிஸ் ஜீப் ஆலை வாசலில்தான் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஹாஜியார் கூடவே ஏறிப்போய் அவரைத் திருப்பிக் கூட்டி வருவார். ஸைனுலாப்தீன் கைகால் கழுவிவிட்டு மிஷினைப் போடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை, மகள் றஸ்னாவின் நிக்காஹ். மகளைக் கொடுக்கும் உரிமையுள்ள வலிகாரர், பெற்ற வாப்பாதான். வாப்பா உயிரோடு இருக்கையில் அவர் சம்மதமில்லாமல் வேறு யார் கொடுத்தாலும் எங்களுக்கு நிக்காஹ் செல்லாது.

“எத்தின நாளைக்கு வெளியில நிப்பாட்டி வெச்சாலும் அண்டைக்கு என்ன உள்ளுக்குக் கூப்பிடத்தானே வேணும்!” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சின்னப் பிள்ளையின் சிரிப்பு அது.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் கமீலா மா அரைக்க அரிசி கொண்டுவந்தாள். கொண்டுவந்தது அரிசி மட்டுமல்ல.

“மச்சான், றஸ்னாக்கு அக்கரைப்பத்தில மாப்பிள சரிவந்திரிக்கி. காக்கா அவங்கள்ட்ட நீங்க மௌத்தாப் போயிட்டீங்க எண்டு சொல்லிட்டார். வாப்பா இல்லாத புள்ள எண்டு காதியார் வலிகாரரா இருந்து முடிப்பாராம்.” முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “மறியல் கதை தெரிஞ்சா அவங்க விட்டுட்டுப் போயிருவாங்க. நான் என்ன செய்ய?”

ஸைனுலாப்தீன் மிஷினை நிறுத்தினார். அன்றைக்கு அது பிறகு ஓடவில்லை. ஹாஜியார் பயந்துதான் போனார். அவரைத் தனியே விடாமல் பக்கத்திலேயே இருந்தார். வாய் திறந்தால் மகளின் கலியாணம் குழம்பும். திறக்காவிட்டால் செல்லாத நிக்காஹ்வில் அவள் வாழ வேண்டும். ஆள் செத்துவிட்டார் என்று இப்படி ஒரு பொய்யை அவிழ்த்துவிட்ட மிஹ்லாரை நான் மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

மறுநாள் ஸைனுலாப்தீன் தானே சொன்னார்: “ஹாஜியார், லெப்பையக் கூட்டி வாங்க.”

நிக்காஹ் செய்து வைக்கிற லெப்பை வந்து விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப் போனார். “உயிரோட இரிக்கிற மனிசன மௌத்தாக்கிட்டாங்களா? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?” என்றார். ஆறியபிறகு வழியும் அவரே சொன்னார். வாப்பா தனக்குச் சம்மதம் தந்தால், அவர் சார்பில் தான் முடித்துக் கொடுக்கலாம். சபையில் அதை உரத்துச் சொல்ல வேண்டியதில்லை. காதியாரிடம் பேசுவது தன் பொறுப்பு என்றார்.

ஹாஜியாரும் நானும் சாட்சி. ஸைனுலாப்தீன் நெல் மூட்டையில் இருந்துகொண்டு, “என்ட மகள் றஸ்னாவ முடிச்சிக் குடுக்க உங்களுக்குச் சம்மதம் தாறன்,” என்றார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல ஆசைப்பட்டதை உமித் தூசிக்குள் சொல்லி முடித்தார். நான் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்தான்.

கலியாணத்தன்று ஆலையிலிருந்து அரிசி மூட்டை கொண்டுபோன ஆளாக அவரும் போய், சமையல்காரர்களோடு பந்தலின் பின்பக்கம் நின்றார். ஊருக்கே விஷயம் தெரியும். நாக்கு நீளமான எங்கள் ஊர் அன்றைக்கு மட்டும், ஒரு குமர்ப்பெண் கரைசேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டது. அதற்கு நன்றி சொல்வதா, காறித் துப்புவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நிக்காஹ் முடிந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். அப்போது மாப்பிள்ளையின் வாப்பா, நல்ல மனிதர், எழுந்து சொன்னார்: “லெப்பை, புள்ளைட வாப்பாக்கு இந்த நாளப் பாக்கக் கிடைக்கல்ல. அவருக்காக ஒரு துஆ ஓதுங்க.”

லெப்பையின் முகம் கறுத்துவிட்டது. அவர் கண் பந்தலின் பின்பக்கம் போனது. அங்கே முதலில் கையை ஏந்தியவர் ஸைனுலாப்தீன். பிறகு லெப்பை என்ன செய்வார்? மௌத்தானவர்கள் எல்லாருக்குமாகப் பொதுவாக ஓதினார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். ஸைனுலாப்தீனும் சொன்னார்.

சாப்பாட்டுக்குக் கை கழுவப் பின்பக்கம் வந்த மாப்பிள்ளையின் வாப்பா, ஸைனுலாப்தீன் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து நின்றார்.

“நீங்க புள்ளைட வாப்பாவோட பழக்கமா?”

“ஓம்.”

“என்ன மாதிரி மனிசன்?”

பக்கத்தில் நின்ற மிஹ்லார் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். ஸைனுலாப்தீன் கண்ணைத் துடைத்து முடித்தார்.

“கடைசிக் காலத்தில நல்லாத்தான் இருந்தார்,” என்றார்.