ஃபிலோமினா டீச்சரின் முறை நோட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வசந்தா. "சார், நம்ம டீச்சரம்மா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. பேரன் பேத்தி எடுத்தவள், பதினான்கு வயதில் ஆட்டத்தை விட்டு நிறுத்தப்பட்டபோது அழுத அதே அழுகையை அழுதாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. கடைசியாக யாரிடம் என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ளத்தான் தோன்றியது. கேட்டும் விட்டேன். "நேத்து சாயங்காலம், நாளைக்கு என்ன கெழமைன்னு கேட்டாங்க சார். ஞாயித்துக்கெழமைன்னேன். சிரிச்சாங்க."

எங்கள் கிளப்பில் ஆடியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு டிரில் டீச்சராக வந்தவர் ஃபிலோமினா. கோலார் தங்கவயல்காரர். நான் அங்கே கணக்கு வாத்தியார். அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் துணிமணிகளோடு இரண்டு நீளக் கோல்கள் இருந்தன. கோலின் தலையில் சின்ன வலைப்பை. பந்தை அந்த வலையில் பிடித்து, ஏந்திக்கொண்டே ஓடி, கோலாலேயே வீசி எதிரணியின் கம்பங்களுக்கு நடுவே போடவேண்டும். அவர் படித்த பள்ளியில் ஒரு வெளிநாட்டுக் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த ஆட்டமாம். லாக்ரோஸ் என்று பெயர் சொன்னார். ஊர் அதை வலைக்கோல் ஆக்கிக்கொண்டது. மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைத்து, உறி பின்னுகிறவரிடம் வலை பின்னச் சொல்லி, மேலும் பதினான்கு கோல் செய்தோம்.

தண்ணீர் வற்றிய ஏரிதான் மைதானம், ஞாயிறுதோறும் ஆட்டம். பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகவே ஒரு விதியும் வைத்தார்: கோல் கோலைத் தொடலாம், ஆளை ஆள் தொடக்கூடாது. "பந்தைப் பாரு, ஆளப் பாக்காத" என்பார். ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஒருவரை நிறுத்துவார்; அவர் போகும் இடமெல்லாம் விடாமல் கூடவே ஓட வேண்டும்.

முதல் பந்தயத்தில் வசந்தாவுக்கு எதிரில் பழனியை நிறுத்தினார். இருவரும் ஒரே உயரம், ஒரே வேகம். டீச்சர் பார்த்தது அவ்வளவுதான். பழனி, வசந்தாவின் அத்தை மகன். அவள் ஓட, அவன் துரத்த, கரையில் நின்ற கூட்டத்துக்குக் கொண்டாட்டம். "மாப்ளே, வுடாத! புடி புடி!" என்று ஒரே விசில். பழனி பாவம், கோலைக் கீழே போட்டுவிட்டு நின்றான். அடுத்த ஞாயிறு ஒரு பெண்பிள்ளைகூட வரவில்லை.

"ஒருத்தரும் ஒருத்தரத் தொடவே இல்லியே சார், நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். முறைப்பையனும் முறைப்பெண்ணும் ஊர் பார்க்க ஒருவரை ஒருவர் துரத்தினால், அது ஆட்டமாக இருக்காது என்றேன். வாயைப் பிளந்தார். "எங்க சுரங்கத்து லைன்ல பக்கத்து வூடு தெலுங்கு, எதிர் வூடு கன்னடம். யாரு யாருக்கு என்னன்னு நாங்க எங்க பாத்தோம்?" வேறு யாராக இருந்தாலும் பெண்பிள்ளைகளை விட்டுவிட்டுப் பையன்களோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். "பொண்ணுங்க இல்லன்னா கிளப்பே வேணாம் சார். யாரு யாருக்கு என்ன முறைன்னு கேட்டுட்டு வந்துருவோம், வாங்க" என்றார்.

ஒரு கோடு போட்ட நோட்டோடு வீடு வீடாகப் போனோம். நான் வழிகாட்டி, அவர் கேள்வி. இத்தனை ஆர்வமாகக் கேட்கிறவரை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. இது யார், அவருக்கு இவர் என்ன, அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு அந்தப் பையன் என்ன? ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு அப்பா வழியில் அண்ணனாகவும், அம்மா வழியில் மாமன் மகனாகவும் வந்தான். அதைக் கண்டுபிடித்த அன்று டீச்சருக்கு அப்படி ஒரு குஷி. நடு ரோட்டில் நின்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பத்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் ஒரு பிள்ளை முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

அண்ணன் தங்கை முறை உள்ளவர்கள் மட்டுமே எதிரெதிரே நிற்பார்கள் என்று சொன்னதும், பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வசந்தா மட்டும் வரவில்லை. அவள் அப்பா கோவிந்தன் கோபக்காரர். கரையில் எழுந்த விசில் அவர் காதை விட்டுப் போகவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறதே பெருசு. ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு வருசத்துல கட்டிக் குடுத்துடப் போறன்" என்றார். உள்ளே வசந்தா அழுவது கேட்டது.

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. டீச்சர் நோட்டை அவர் முன் விரித்தார். "எனக்குத் தெரியலீங்க. உங்க பொண்ணுக்கு எதிர்ல யாரு நிக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

கோவிந்தன் நோட்டை எட்டிப் பார்த்தார். "என் தம்பி மவன் முருகேசன நிக்க வைங்க. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

"அவன் வராத அன்னிக்கு?"

"அன்னிக்கு... நம்ம ஆரோக்கியசாமி."

"அவங்க எங்கள மாதிரி வேதக்காரங்களாச்சே, அவன் எப்படி முறையாவான்?"

"அவங்கப்பன் என்ன அண்ணேன்னுதான கூப்புடறான்? அப்ப இவ அவனுக்குத் தங்கச்சிதான். சாமி வேறன்னா என்னம்மா, கூப்புடற முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அடுத்த ஞாயிறு வசந்தா வந்தாள். பின்னாலேயே கோவிந்தனும் வந்தார், முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அதற்கப்புறம் அவர் கரையில் நின்று சரி என்று தலையாட்டாமல் எங்கள் ஆட்டம் தொடங்கியதில்லை. ஒரு வருடத்தில் கட்டிக்கொடுக்கும் பேச்சையும் அவர் பிறகு எடுக்கவில்லை. வசந்தா படித்து, டீச்சர் வேலைக்கே போனாள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் டீச்சரைப் பற்றி எழுதும்போது மறைப்பது தகாது. கோவிந்தன் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதினார். "சார், கூப்புடற முறைன்னு ஒண்ணு இருக்காமே. நீங்க எனக்கு என்ன வேணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இருவருமே கல்யாணம் ஆகாதவர்கள், ஒரே பள்ளியில் வேலை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "நமக்குள்ள என்னங்க டீச்சர், நீங்க வேற, நாங்க வேற" என்றேன். படிக்காத கோவிந்தனுக்கு வந்த சொல் எனக்கு வரவில்லை. டீச்சர் முகம் மாறவில்லை. "அதுவும் சரிதான். யாருக்கும் முறையில்லாதவகிட்டதான் ரெஃப்ரி விசில் இருக்கணும்" என்றார். என் பெயருக்கு எதிரே கோடு மட்டும் போட்டு நோட்டை மூடினார்.

எழுபதுகளில் ஏரி மறுபடி நிரம்பும்வரை கிளப் நடந்தது. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. கடைசிக் காலத்தில் வசந்தாதான் பார்த்துக்கொண்டாள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தங்கவயலிலிருந்து வர யாரும் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டத்தில் மாதா கோயில் உபதேசியார் பதிவேட்டோடு வந்து, "ஒறவுக்காரங்க யாருங்க? ஒருத்தர் கையெழுத்துப் போடணும்" என்றார். அத்தனை பேர் நின்றோம். பழனி, முருகேசன், ஆரோக்கியசாமி, எல்லோரும் நரைத்துப்போய். ஒவ்வொருவரும் மற்றவருக்கு என்ன முறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். டீச்சருக்கு நாம் என்ன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டு, உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினேன்.

வசந்தா அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் பெயரும், எதிரே அவர் போட்ட கோடும் அப்படியே இருக்கின்றன. அதில் நான் எதையும் எழுதவில்லை. அவர் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும்.