அக்டோபர் பனியும் என் கரிநாக்கும்

மட்டாஞ்சேரியில் இன்றும் எனக்குக் கரிநாக்கன் என்று பெயர். நான் கெட்டது சொன்னால் பலித்துவிடுமாம். 1984 அக்டோபரில் இமயமலையில் குலு பக்கம் மலையேறப் போனபோது வந்த பழி இது. பருவத் தொடக்கத்தில் மலைக்குக் கிளம்புகிறவர்கள் நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போனது நானும் என் மனைவியின் தம்பி சுந்தரனும். எர்ணாகுளத்தில் ரயிலேறி மூன்றாம் நாள் டெல்லி, பிறகு பஸ். கடைசிப் பதினாறு கிலோமீட்டர் ஜீப், நாற்பது ரூபாய். முந்தின இரண்டு நாளும் காற்றோடு பனி பெய்திருந்தது. பனிச்சரிவு வருமா என்று டிரைவரிடம் கேட்டேன். அதெல்லாம் ஜனவரிக்கு மேல்தான், இது முதல் பனி என்றார். மேலே கொண்டுபோய் விட்டால்தான் அவருக்கு வாடகை. நான் நம்பவில்லை.

காலை ஏழுக்கு நடக்கத் தொடங்கினோம். புல்வெளியில் பனி கணுக்கால் அளவுதான். ஒன்பதரைக்கு, முகட்டுக்கு ஏறும் குறுகிய பள்ளத்துக்கு வந்தோம். தடியைக் குத்தினால் இடுப்பளவு இறங்கியது. காற்று வாரிக் கொட்டிய பனி. மேலே கெட்டி, அடியில் சர்க்கரை போல உதிரி. அந்த உதிரி முன்பே விழுந்து கிடந்த பழைய பனி. முதல் பனியாம்! கால் வைத்ததும் பொத்தென்று அமுங்கி, குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. ஏறாதே என்றேன்.

சுந்தரன் சிரித்தான். “அத்தான், பத்து ரூபா நோட்டையே வெயில்ல பிடிச்சுப் பாக்கறவரு நீங்க. பனியையும் விடமாட்டீங்களா? இங்கயே இருங்க, மேல போய்க் கையாட்டறேன்.”

“போனா ரெண்டு காலோட திரும்ப மாட்டே.”

போனான். ஐம்பதடி ஏறியதும் பனி பலகையாகப் பெயர்ந்தது. பெரிய சரிவில்லை, எங்கள் வீட்டு முற்றத்து அகலம்தான். ஆனால் நடுக்குளிர்காலத்தில் பனி மூடிவிடும் பாறைகள் அப்போது வெளியே துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மோதிக்கொண்டே வந்தான். மார்புவரை புதைந்தவனைச் சாப்பாட்டுத் தட்டால் தோண்டி எடுத்தேன். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

ஊரில் யாரும் பனியைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்த வார்த்தையை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்” என்றாள் மனைவி.

புல் தெரிகிறதே என்று பள்ளத்துக்குள் போகாதீர்கள். காற்றடித்த மறுநாள் முகட்டில் காற்று படாத மறைவுப் பக்கம் வேண்டாம், பனி அங்கேதான் குவியும். அமுங்கும் சத்தமோ விரிசலோ வந்தால் வந்த வழியே திரும்புங்கள். ஆபத்துக் காலம் இன்னும் வரவில்லை என்று யார் சொன்னாலும் சந்தேகப்படுங்கள்.

சுந்தரன் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். கல்யாண வீடுகளில் நாலு பேர் முன்னால், “அத்தான், நாக்கை நீட்டுங்க, கறுப்பைப் பாக்கட்டும்” என்பான். நீட்டமாட்டேன். அந்த விரிசலை அவனும் பார்த்தான்.